பித்தப்பைக் கல்

"வயித்தப் பிடிச்சுக்கோ," என்றாள் நாத்தனார், தாழ்ப்பாளில் கை வைத்தபடி. "ஆள் வந்துட்டாங்க."

தையல்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அறுவை நடந்தது வலது மார்பில். வயிறு பாவம், ஒரு பாவமும் அறியாமல் ஐந்து நாளாக நோயாளி வேஷம் கட்டிக்கொண்டிருந்தது.

வந்தவள் பக்கத்து வீட்டுக்காரி. அவளுக்கு நிஜமாகவே பித்தப்பையில் கல் இருந்து, எடுத்து, ஆறு வருஷம் ஆகிறது. எடுத்த கற்களைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு வைத்திருந்தாள். குப்பியையும் கையோடு கொண்டு வந்திருந்தாள்.

"பாரு, எல்லாம் மிளகு மாதிரி," என்று குலுக்கிக் காட்டினாள். "உன்னோடது எங்கே? குடுத்தாங்கல்ல?"

"அங்கேயே தூக்கிப் போட்டுட்டாங்க," என்றாள் நாத்தனார்.

"அடப்பாவமே! கேட்டு வாங்கியிருக்கணும். எத்தனை இருந்துச்சு?"

"மூணு," என்றார் தையல்காரியின் கணவர். "அஞ்சு," என்றாள் நாத்தனார், அதே நேரத்தில்.

பக்கத்து வீட்டுக்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பெருசு மூணு, சிறுசு ரெண்டு," என்று தையல்காரியே கணக்கை நேர் செய்தாள். பொய்யிலும் அளவு சரியாக இருக்க வேண்டும். இருபது வருஷம் நாடா பிடித்த கை அது.

இந்தக் கல் பிறந்த கதை நீளமானதல்ல. மார்பில் ஒரு கட்டி இருந்தது. ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள், புற்றுநோய் என்றார்கள். மார்பையும் அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்தார்கள். அவள் மயக்கம் தெளிந்து தண்ணீர் கேட்பதற்குள் நாத்தனார் தெருவுக்கெல்லாம் போன் போட்டு, பித்தப்பையில் கல் என்று சொல்லி முடித்திருந்தாள்.

நாத்தனார் முப்பது வருஷம் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டிலும் அவளுக்கு வார்டன் என்றுதான் பெயர், முதுகுக்குப் பின்னால். தம்பி பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றதும் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். வந்த அன்றே வீட்டுச் சாவிக்கொத்து அவள் இடுப்புக்குப் போய்விட்டது. குறை சொல்லக் கூடாது. நோயாளிக்குத் தலை வாரிவிட்டாள், உடம்பு துடைத்துவிட்டாள், துணி துவைத்தாள். அந்த நோயின் பெயரை மட்டும் சொல்ல மாட்டாள். "அது" என்பாள். அதையும் குரலைத் தாழ்த்திச் சொல்வாள்.

"தாய்க்கு வந்தா மகளுக்கும் வரும்னு சொல்லுவாங்க," என்றாள் ஆஸ்பத்திரியிலேயே. "அவளுக்குச் சம்பந்தம் பேசிக்கிட்டிருக்கோம். நல்ல இடம். உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா? உனக்குக் கல்லு. அவ்வளவுதான்."

தையல்காரி சம்மதித்தாள். மகள் பெயரைச் சொன்னபின் எந்தத் தாய் வாய் திறப்பாள்? தானும் உடந்தை என்பதை அவள் பின்னால் ஒருநாளும் மறுக்கவில்லை.

கல்லில் ஒரு சங்கடம் இருந்தது. அது எல்லாருக்கும் பிடித்த நோய். புற்றுநோய் என்றால் எட்டி நின்று பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். கல் என்றதும் தெருவே உரிமையோடு வந்து உட்கார்ந்தது. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எண்ணெய் தொடாதே என்றாள் ஒருத்தி, தொட்டால்தான் ஆறும் என்றாள் இன்னொருத்தி. போகும்போது அன்பு மிகுதியால் வலது தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். தட்டு விழும்போதெல்லாம் தையல்காரிக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. "வயித்துல வலிக்குதா?" என்று கேட்டார்கள். "ஆமா," என்றாள்.

வலி எங்கே எப்படி இருக்கும் என்பதை ஆஸ்பத்திரி நர்ஸ் முன்பே சொல்லியிருந்தாள். வெட்டின இடம் இழுக்கும். கையின் உள்பக்கம் மரத்துப்போய், நடுநடுவே தீப்பட்டது போல எரியும். இல்லாத மார்பு அரிக்கும். அரிக்கும்போது சொறிய இடம் இருக்காது. "இதெல்லாம் வரும்மா, பயப்படாதீங்க," என்றாள் நர்ஸ். "ஆனா மாத்திரைய ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம், வலி இருக்கோ இல்லையோ, போட்டுடணும். வலி உள்ள வந்து உக்காந்துடுச்சுன்னா அப்புறம் கிளப்பறது கஷ்டம்."

வார்டன் இதைக் கேட்டுத் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் தன் சட்டத்தை அமல்படுத்தினாள். மாத்திரை உறையில் புற்றுநோய் மருத்துவமனை என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. உறை அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது, அலமாரி பூட்டப்பட்டது. மாத்திரை வேண்டுமென்றால் கேட்க வேண்டும்.

"வலிக்குது அண்ணி."

"எவ்வளவு வலிக்குது?"

இதற்கு என்ன பதில் சொல்வது? முழமா, சாணா?

"கொஞ்சம் பொறுத்துக்கோ. சும்மா சும்மா போட்டா உடம்பு அதுக்குப் பழகிடும். விடுதியில எத்தனை பிள்ளைங்களப் பாத்திருக்கேன், தலைவலி தலைவலின்னு."

தையல்காரி பொறுத்துக்கொண்டாள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். அவளுக்குப் பூமி வேண்டாம், ஒரு மாத்திரை போதும் என்றிருந்தது. குளியலறையில் குழாயைத் திறந்து விட்டு அழுதாள்.

கணவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்ப்பவர். அக்காவை எதிர்த்துப் பேசும் வழக்கம் அவருக்குச் சிறுவயதிலிருந்தே கிடையாது. ஆனால் ஒரு வேலையை யாரும் சொல்லாமலே எடுத்துக்கொண்டார். காயத்திலிருந்து ஒரு ரப்பர் குழாய் வெளியே வந்து சின்னப் புட்டியில் முடிந்தது. உள்ளே ஊறும் நீர் அதில் இறங்கும். காலையும் மாலையும் அந்தப் புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து அளவு பார்ப்பார், நோட்டில் எழுதுவார், ஊற்றிவிட்டுக் கை கழுவுவார். முதல் நாள் நூற்றிருபது மில்லி, ரத்தச் சிவப்பு. ஏழாம் நாள் நாற்பது, வைக்கோல் நிறம். பத்தாம் நாள் பதினெட்டுக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் குழாயை உருவினார்கள். அவர் நோட்டைப் பார்த்துவிட்டு டாக்டரே, "இவ்வளவு சுத்தமா யாரும் எழுதிட்டு வர்றதில்ல," என்றார். கணவர் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

இனிமேல்தான் கைப் பயிற்சி. சுவரைப் பார்த்து நின்று விரல்களால் சுவரில் ஏற வேண்டும். முடிந்த உயரம் வரை ஏறி, பத்து எண்ணும் வரை நிறுத்தி, இறங்க வேண்டும். "சோம்பல் பட்டீங்கன்னா தோள் இறுகிடும்," என்றாள் நர்ஸ். "என்ன வேலை பாக்கறீங்க?" தையல் என்றாள். "அப்ப உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்ல."

வீட்டில் காலியான சுவர் ஒன்றுதான். அது தெருப்பக்க ஜன்னலை ஒட்டி இருந்தது.

"கல்லு எடுத்தவ எதுக்குச் சுவத்துல பல்லி மாதிரி ஏறணும்னு கேப்பாங்க," என்றாள் வார்டன். "ஆள் இல்லாதப்ப செய்."

ஆள் இல்லாத நேரமே இல்லை. பதினோராம் நாள் காலையில் தையல்காரி மெஷினருகே போனாள். துணி வெட்டும் பெரிய கத்திரியை எடுத்தாள். தூக்கினாள். முழங்கை விலாவை விட்டு ஒரு சாண் நகர்ந்தது, அதற்கு மேல் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தது போல நின்றுவிட்டது. வெட்ட வேண்டிய பிளவுஸ் துணிகள் பதினாலு, சுருட்டிக் கட்டியபடி கிடந்தன. மார்பு போனபோது வராத பயம் அவளுக்கு அப்போதுதான் வந்தது. மார்பு இல்லாமல் தைக்கலாம். கை இல்லாமல்?

பன்னிரண்டாம் நாள் சம்பந்தம் பேச வந்தார்கள்.

இரண்டரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டு மணி மாத்திரையை வார்டன் தரவில்லை. "போட்டா கண்ணு சொருகி உக்காந்திருப்ப. போனதும் தரேன்." அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி நாலு. பையன், அவன் அப்பா, அம்மா. அம்மா நல்ல உயரம், நிமிர்ந்த நடை. மூவரும் உட்கார்ந்தார்கள். காபி வந்தது. மகளும் வந்து உட்கார்ந்தாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள், எவரையும் நேராகப் பார்த்தே பழகியவள்.

"உங்களுக்கு ஏதோ ஆபரேஷன்னு சொன்னாங்களே?" என்றாள் பையனின் அம்மா.

"கல்லு," என்றாள் வார்டன். "சின்ன விஷயம். மத்தபடி எங்க வம்சத்துல ரெண்டு பக்கமும் ஒருத்தருக்கும் ஒண்ணும் கிடையாது. தலைவலின்னுகூட யாரும் படுத்ததில்ல."

"எங்க பக்கமும் அப்படித்தான்," என்றாள் பையனின் அம்மா.

"அதுதாங்க வேணும். மத்ததெல்லாம் என்ன, இன்னிக்கு வரும் நாளைக்குப் போகும்."

பையனின் அப்பா காபியைப் பார்த்துத் தலையாட்டினார்.

பேச்சு நீண்டது. தையல்காரி வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முதலில் அக்குள் எரிந்தது. பிறகு எரிச்சல் முழங்கை வரை இறங்கியது. பிறகு பேசுபவர்களின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. உள்ளங்கை வியர்த்தது. சுவர்க் கடிகாரத்தில் நாலே முக்கால்.

"மாத்திரை," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. மகளைப் பார்த்து, "அத்தைகிட்ட சாவி வாங்கி மாத்திரைய எடுத்துட்டு வாம்மா," என்றாள்.

வார்டன் சிரித்தாள். "இப்பத்தானே போட்ட. கல்லு எடுத்த எடம், அப்படித்தான் கொஞ்சம்—"

"ரெண்டு மணிக்குப் போட வேண்டியது. போடல." தையல்காரி வயிற்றிலிருந்து கையை எடுத்தாள். "கல்லும் இல்ல. எனக்கு மார்ல புத்துநோய். வலது பக்கத்த எடுத்துட்டாங்க. இன்னிக்குப் பன்னெண்டாவது நாள். வலி தாங்க முடியல."

அந்த அறையில் அப்போது ஒரு குண்டூசி விழுந்திருந்தால் கேட்டிருக்கும். தையல்காரி வீடு என்பதால் குண்டூசிக்குப் பஞ்சமில்லை, ஆனால் ஒன்றும் விழவில்லை.

மகள் எழுந்து அத்தை முன்னால் கையை நீட்டினாள். வார்டனின் முப்பது வருஷ உத்தியோகத்தில் சாவியை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவிழ்த்துக் கொடுத்தாள். மகள் அலமாரியைத் திறந்தாள். மேல்தட்டு எட்டவில்லை. முக்காலி எங்கே என்று தேடினாள்.

"இரும்மா," என்று பையனின் அம்மா எழுந்தாள். இடது கையை முழுசாக நீட்டி, தட்டின் ஆழத்தில் துழாவி, உறையை எடுத்தாள். அச்சடித்திருந்ததைப் படித்தாள். முகம் மாறவில்லை. "ஏதாவது சாப்பிட்டீங்களா? வெறும் வயித்துல போடக்கூடாது," என்றாள். ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தாள், பிறகு மாத்திரையைக் கொடுத்தாள். நாற்காலியில் கிடந்த தலையணையை எடுத்து இரண்டாக மடித்து, தையல்காரியின் வலது முழங்கைக்குக் கீழே, கை உடம்பை விட்டுச் சற்றே விலகி நிற்கும்படி செருகினாள்.

எரிச்சல் பாதியாகக் குறைந்தது. பன்னிரண்டு நாளில் ஒருவருக்கும் தோன்றாத இடம் அது. தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள். முதலில் முகத்தை, பிறகு தொழில் பழக்கத்தில் பிளவுஸை. வலது பக்கத் தையல் மூச்சுக்கு ஏறி இறங்கியது. இடது பக்கம் சும்மா இருந்தது.

"இவளுக்கும் எட்டு வருஷம் ஆச்சு," என்றார் பையனின் அப்பா திடீரென்று. மனைவி திரும்பிப் பார்த்தாள். "கர்ப்பப்பைன்னு சொல்லி வச்சிருந்தோம்," என்று டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவர் போல மீதியையும் சொல்லிவிட்டார்.

பையன் மட்டும் எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்தான். எத்தனையோ தடவை கொண்டு வந்து பழகியவன் போலிருந்தது. மகள் அதைக் கவனித்தாள்.

கிளம்பும்போது பையனின் அம்மா தையல்காரியிடம் குனிந்தாள். "கைப் பயிற்சி செய்யறீங்களா?"

"ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க."

"இருக்கட்டும், செய்யுங்க. நான் ஆறு மாசம் ஒளிஞ்சு ஒளிஞ்சு செஞ்சதுல தோள் இறுகிப்போச்சு. அதத் திரும்பத் தூக்க ரெண்டு வருஷம் அழுதேன்." பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "நாங்க போன் பண்றோம்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

கதவைச் சாத்திவிட்டு வார்டன் அதில் சாய்ந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. காரியத்தைக் கெடுத்துட்டே என்று திட்டப்போகிறாள், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று தையல்காரி காத்திருந்தாள்.

"நல்லவேளை," என்றாள் வார்டன். "இப்பவே தெரிஞ்சுது. இல்லன்னா பிள்ளைய அந்த வீட்டுல தள்ளியிருப்போம். எட்டு வருஷமா மூடி மறைச்சு, எங்க பக்கம் ஒண்ணும் இல்லன்னு கூசாம சொல்றாங்களே! இவங்களுக்கெல்லாம் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா? இந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டாம்."

கணவர் தன் நோட்டை எடுத்துப் புரட்டினார். எழுத ஒன்றும் இல்லை. மகள் அத்தையை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையல்காரிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுக்கும். இழுத்தது. கண்ணில் நீர் முட்ட, மார்பு இருந்த இடத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, மூச்சு வாங்கும் வரை சிரித்தாள்.

"அவங்க நம்பர் உங்ககிட்டதானே இருக்கு அண்ணி? குடுங்க, நானே பேசறேன்."

"வேண்டாம்னு சொல்றதுக்கா?"

"அது இவ பாடு, அந்தப் பையன் பாடு," என்றாள் தையல்காரி, சுவரைப் பிடித்து எழுந்துகொண்டே. "எனக்கு அவங்க அந்தக் கைய எப்படி அவ்வளவு உசரம் தூக்கினாங்கன்னு கேக்கணும்."