நாலாம் மாடிச் செயலாளர்

நாலாம் மாடி இடப்பக்க வீட்டில் இருப்பவரைக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படி ஒரு மனிதர் கிடையாது. கூட்டத்துக்கு வந்தவர்கள் முப்பத்தோரு பேர், கை தூக்கியவர்கள் முப்பத்தோரு பேர், காபிதான் நாலு பேருக்குப் பற்றாமல் போயிற்று. அவருடைய மனைவி என்று கட்டடமே சொல்லிக்கொண்டிருந்தவள் அந்த நேரம் பல் மருத்துவரின் பட்டறையில் உட்கார்ந்து, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் மேல்வரிசைக்கு மெழுகு ஊற்றிக்கொண்டிருந்தாள். பொய்ப்பல் கட்டுவது அவள் தொழில். மாலையில் லிஃப்டை விட்டு இறங்கியதும் எதிர்வீட்டு அக்கா வழிமறித்து வாழ்த்துச் சொன்னாள். 'இனிமே மாசக் கூட்டம் உங்க வீட்லதானே. செயலாளர் வீட்லதான் நடத்தணும்னு விதி இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு எல்லாரும் வந்துருவோம்.' அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒன்றரை வருடமாக ஒரு ஈ காக்காயைக்கூட அவள் அந்த வீட்டுக்குள் விட்டதில்லை.

அவளுடைய நிலைமையையும் சொல்லிவிட வேண்டும். வயது நாற்பத்தொன்று. அதில் இருபத்திரண்டு வருடம் அண்ணன் வீட்டுக் கூடத்தில் படுத்து எழுந்தவள். அண்ணன் நல்லவர்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த வீட்டில் தாழ்ப்பாள் என்று ஒன்று இருந்தது குளியலறைக்கு மட்டும்தான். அதற்குள்ளும் ஐந்து நிமிடம் கூடுதலாக இருந்துவிட்டால் அண்ணி வந்து கதவைத் தட்டி, உடம்புக்கு என்ன என்று விசாரிப்பாள். கடைசியில் ஒரு வழியாக இந்த வீடு கிடைத்தது. வாசல் கேட்டிலோ 'குடும்பங்களுக்கு மட்டும்' என்று பலகை தொங்கியது. சும்மா தொங்கவில்லை. தனியாகக் குடியிருந்த ஒரு நர்ஸை மூன்றே நாளில் சாமானோடு வெளியே அனுப்பியிருந்தார்கள். ஆகவே இவள், கணவர் அடிக்கடி வெளியூர் போகிறவர் என்று வீட்டு உரிமையாளரிடம் ஒரு பொய் சொன்னாள். பழைய துணியும் செருப்பும் விற்கிற நடைபாதைக் கடையில் ஒன்பதாம் நம்பர் கறுப்பு ஷூ ஒரு ஜோடி வாங்கி வந்து கதவுக்கு வெளியே வைத்தாள்.

அது தேவையாகத்தான் இருந்தது. கேட்டில் மீசை உட்கார்ந்திருந்தார். அது வாட்ச்மேனின் பட்டப்பெயர். எந்த வீட்டுக்கு என்ன பார்சல், எந்த வீட்டில் காய்ச்சல், எந்த வீட்டு மாமியார் கோபித்துக்கொண்டு போனாள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மாடியில் லிஃப்ட் நிற்கிற சத்தம் கேட்டால் எதிர்வீட்டு அக்காவின் கதவு தானாகத் திறக்கும். இவர்களுக்கு நடுவில் அவள் கெட்டித் துணிப்பையில்தான் காய்கறி வாங்கி வந்தாள், கதவை ஒரு சாண் அளவுக்குத்தான் திறந்தாள். வீட்டுக்காரர் எந்த ஷிஃப்ட் என்று அக்கா கேட்டபோது, மாறி மாறி வரும் என்று சொல்லிவிட்டு உள்ளே நழுவினாள்.

இரண்டு மாதம் ஷூ போட்டது போட்டபடி கிடந்தது. மூன்றாம் மாதம், மழை விட்ட ஒரு காலையில் அதில் சேறு அப்பியிருந்தது. ஏதோ பிள்ளைகளின் சேட்டை என்று துடைத்து வைத்தாள். அடுத்த வாரம் கயிறு வேறு மாதிரி முடிச்சுப் போடப்பட்டிருந்தது. பிறகு வலது குதிகால் ஒரு பக்கமாகத் தேயத் தொடங்கியது. அதற்கும் பிறகு 'சார் இப்பதான் வெளிய போனாரும்மா' என்று மீசை சொல்ல ஆரம்பித்தார். லிஃப்ட் பாதியில் நின்றபோது பயந்து அழுத இரண்டாம் மாடிப் பெண்ணோடு சார் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாராம். தண்ணீர் மோட்டார் பழுதானபோது சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினாராம். தங்கமான மனுஷன் என்றார்கள். ஒரு விடுமுறை நாள் முழுக்க அவள் கதவின் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றாள். ஷூ அசையவில்லை. பொங்குகிற பாலை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தாள், ஷூவைக் காணோம்.

இதையெல்லாம்கூட அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். ஒருநாள் அக்கா, 'தலைவலி வந்தா உங்களுக்கு யார் பேச்சும் புடிக்காதாமே, சார் சொன்னாரு, அதான் நேத்து நான் மணி அடிக்கல' என்றாள். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நின்றபடியே சாப்பிடுகிறவள் என்பது மூன்றாம் மாடிக்குத் தெரிந்திருந்தது. விளக்கை அணைக்காமல் தூங்குவதும், தினசரிச் செய்திகளை ஆளுக்கொரு குரலில் தனக்குத்தானே வாசித்துக் காட்டிக்கொள்வதும் ஐந்தாம் மாடிக்குத் தெரிந்திருந்தன. அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கட்டின புருஷன் ஊரெல்லாம் உளறினால் நாலு வார்த்தை கேட்கலாம். கட்டாத புருஷனை எங்கே போய்க் கேட்பது? அது நடந்து மூன்றாவது வாரம் அவரைச் செயலாளராக்கிவிட்டார்கள்.

சனிக்கிழமை மாலை அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். முப்பத்தோரு பேர் உள்ளே வந்து ஒற்றைக் கட்டிலையும் ஒற்றைத் தட்டையும் பார்த்துவிட்டுத் துரத்துவதைவிடத் தானே சொல்லிவிட்டுப் போவது மேல். அண்ணன் வீட்டுக் கூடத்துக்குத் திரும்புவதற்கு இரண்டு புடவையை மடித்து வைத்தாள். ஷூவை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

'அண்ணே, எனக்கு வீட்டுக்காரர்னு யாரும் இல்ல. நான் தனியாத்தான் இருக்கேன்.'

மீசை செய்தித்தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். 'தெரியும்மா. சார்தான் சொன்னாரு.'

'எந்த சார்?'

'உங்க சார்தாம்மா. சேத்துல நடந்துட்டு வந்தாரே, அன்னிக்கே சொல்லிட்டாரு. அவங்க ஒண்டியாத்தான் இருக்காங்க, நான் பேருக்குத்தான் இருக்கேன், அவங்கள யாரும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு. இங்க எல்லாருக்கும் தெரியுமே.'

 ஒன்றரை வருடம் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறாள். 'அப்ப அந்த நர்ஸ்? அவங்கள மட்டும் ஏன் அனுப்புனீங்க?'

மீசை வழக்கம்போல மீசையைத் தடவவில்லை, தலை குனிந்துகொண்டார். 'அந்தப் பொண்ணுக்காகச் சொல்றதுக்கு ஒரு ஆம்பள இல்லையேம்மா.'

 பிறகு அவர், நாளைக் கூட்டத்தைச் சார் மொட்டை மாடிக்கு மாற்றிவிட்டதாகவும், தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க இப்போதுதான் மேலே போனதாகவும் சொன்னார். அவள் பையைத் திறந்து பார்த்தாள். அது காலியாக இருந்தது. முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது, இல்லாத ஒருவனின் வார்த்தைக்கு இருக்கிற தன்னைவிட மதிப்பு அதிகம் என்று. அழுகையும் வந்தது. மீசை எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். இருட்டும்வரை அவள் அதிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் கூட்டத்தில் செயலாளர் போட்ட முதல் தீர்மானம், கேட்டுப் பலகையைக் கழற்றுவது. அதற்கும் முப்பத்தோரு கை. நர்ஸைத் தேடிப் போனார்கள், அவள் வர மறுத்துவிட்டாள். அது நியாயம்தான். அவள் இருந்த வீட்டுக்குத் தனியாக வாழ்கிற ஒரு பள்ளி ஆசிரியை வந்தாள். அவள் கதவுக்கு வெளியே அவளுடைய செருப்பு மட்டுமே கிடந்தது, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தங்கையைப் பார்க்க வந்த அண்ணன் கேட்டிலேயே செயலாளரைச் சந்தித்து, ஒரு மணி நேரம் பேசிவிட்டு, மாப்பிள்ளை தேவலை என்று திருப்தியோடு மேலே ஏறாமலே திரும்பிப் போனார். சார் பதினோரு வருடம் செயலாளராக இருந்தார். லிஃப்ட் மாறியது, தண்ணீர் ஒழுங்காக வந்தது. ஷூ தேய்ந்துபோகிறபோதெல்லாம் அவள் ஒன்பதாம் நம்பரில் புதிது வாங்கி வைத்தாள். அவள் ஒருத்தியைத் தவிர அவரைப் பார்க்காதவர்கள் அங்கே யாரும் இல்லை. அத்தனை வருடத்தில் அவள் வீட்டு மணியை ஒருமுறைகூட அடிக்காத ஒரே ஆளும் அவர்தான்.