இரண்டாவது நிமிடம்

எங்கள் தெருவில் ஒரு காலத்தில் நாற்பது திருகுகுழாய்ப் பட்டறைகள். அரசாங்கம் இறக்குமதி வரியை நீக்கியது. வெளிநாட்டுக் குழாய் பாதி விலைக்கு வந்து குவிந்தது. இரண்டே வருடத்தில் ஆறு பட்டறைதான் மிச்சம். என் அண்ணன் லாரி ஓட்டப் போனார். அவர் ஏற்றி வந்ததும் அதே வெளிநாட்டுக் குழாய்தான். அதைச் சொல்லிச் சிரிக்கிற தைரியம் வீட்டில் அண்ணிக்கு மட்டும் இருந்தது.

பட்டறையை அண்ணி ஏற்றார். லேத்தில் நான் நின்றேன். மூலையில் ஒரு சோதனை மேடை. செய்த குழாய்களை அண்ணி அதில் மாட்டி, அழுத்தத்தில் தண்ணீர் ஏற்றி, இரண்டு நிமிடம் பார்ப்பார். ஒரு சொட்டு கசிந்தாலும் அது கழிவுப் பெட்டிக்குப் போகும்.

"இந்த மேடையை எவன் கேட்டான் அண்ணி? எடைக்குப் போட்டா ஒரு மாசம் ஓடும்" என்று நான் முணுமுணுக்காத நாளில்லை. எதிர்ப்பட்டறைக்காரர் தன் மேடையை எப்போதோ எடைக்குப் போட்டுவிட்டார்.

"வாங்கினவன் வீட்டுல ராத்திரி பூரா சொட்டினா, திட்டு யாருக்கு?" என்பார் அண்ணி.

பிறகு அரசாங்கத்துக்கு மனம் மாறியது. தர முத்திரை இல்லாமல் எந்த ஊர்க் குழாயும் விற்கக் கூடாது. சோதனையில் தோற்றால் பட்டறைக்குப் பூட்டு. எங்களை நம்பி ஒன்பது குடும்பங்கள்.

அதிகாரி வந்தார். அண்ணி இன்னும் சோதிக்காத தட்டிலிருந்து அவரே பத்துக் குழாயைப் பொறுக்கி மாட்டினார். விதிப்படி ஒரு நிமிடம். எதுவும் கசியவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அழுத்தத்தை இறக்க அதிகாரி கை நீட்டினார்.

"இன்னொரு நிமிஷம் இருக்கட்டும் சார். எங்க கணக்கு ரெண்டு" என்றார் அண்ணி.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெடுத்தே விட்டார். ஏழாவது குழாயின் மூக்கில் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது.



"விதிப்படி இதுவும் பாஸ்தாம்மா" என்றார் அதிகாரி.

"உங்களுக்குப் பாஸ் சார். நான் விக்க மாட்டேன்." அண்ணி அதைக் கழற்றிக் கழிவுப் பெட்டியில் போட்டார். அதிகாரி கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியையே பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சொல்வதற்கென்ன வெட்கம், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் எதிர்ப்பட்டறைக்காரர் ஒரு மூட்டைக் குழாயோடு வாசலில் நின்றார். அடுத்த வாரம் அவருக்குச் சோதனை. அண்ணி ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் உள்ளே கூப்பிட்டார்.

மேடையருகே வந்தவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஒரு நிமிஷம் வச்சாப் போதும்ல?"

"ரெண்டுண்ணே" என்றேன்.