காது வெட்டும் கத்தி

"குடுடி கத்தியை!"

"மாட்டேம்ப்பா. இன்னொரு காதையும்..."

"பெத்தவன் இடுப்புலேருந்து உருவறியா? என் இடுப்புலேருந்து..."

"...கெடுத்துட்டு நிப்பீங்க. கத்தாதீங்க, ராவ்னா அத்தை வேலிக்கு அந்தப் பக்கம்தான் நிக்கறாங்க."

நீலாஸ் இன்னும் உரக்கக் கத்தினார். பட்டிக்குள் இருந்த துருவ மான்கள் மிரண்டு வேலியோரமாகச் சுழன்றன. மகள் ரிஸ்தென் கத்தியை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டாள். அதில் ரத்தம் இன்னும் காயவில்லை.

நார்வேயின் வடகோடியில் ஜூலை என்றால் குட்டிகளுக்குக் காதில் குறி வெட்டுகிற மாதம். குடும்பத்துக்கு ஒரு வெட்டு. அன்று காலையில் குட்டிகளின் கழுத்தில் எண் அட்டைகளைக் கட்டி விட்டார்கள். எந்தக் குட்டி எந்தத் தாய்க்குப் பின்னால் ஓடுகிறது என்று ரிஸ்தென் பார்த்துப் பார்த்து எழுதினாள். முப்பத்தொன்பதாம் எண் குட்டி அவர்களுடையது. நீலாஸ் பிடித்து வெட்டியது எண்பத்தொன்பதாம் எண்ணை. அது அதே பட்டியில் மான் வைத்திருக்கும் வேறு குடும்பத்து ராவ்னாவின் மானுக்குப் பிறந்தது.

அடுத்தவர் குட்டியின் காதில் தன் குறியை வெட்டுபவனுக்கு அங்கே ஒரே ஒரு பெயர்தான். பேரன் காலம்வரை அது ஒட்டிக்கொள்ளும்.

"அட்டையில சேறு."

"சேறா? இந்தாங்க, நீங்களே பாருங்க."

குட்டியின் கழுத்திலிருந்து கழற்றிய அட்டையை அவள் தூக்கிப் பிடித்தாள். அவர் அட்டைக்குப் பக்கத்தில் பார்த்தார்.

"எத்தனை நாளாப்பா?"

"என்ன எத்தனை நாள்?"

"போன வாரம் மீன் அரியறப்ப விரலை அரிஞ்சீங்க. கத்தி வழுக்கிச்சுன்னீங்க."

"வழுக்கிச்சு."

"மரக் கோப்பை குடையறதை விட்டீங்க. மரம் சரியில்லன்னீங்க."

"இப்பல்லாம் எங்க நல்ல மரம் வருது!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். "அப்பா, கறி நறுக்குங்க, கயிறு அறுங்க, பல்லு குத்துங்க. கத்தி உங்களோடதுதான். காது மட்டும் வேணாம். அதை நான் வெட்டறேன்."

"பல்லு குத்தவா எங்கப்பா எனக்குக் கத்தி கட்டி விட்டாரு? காது வெட்டாதவன் பட்டிக்கு விருந்தாளிடி. வந்தமா, காப்பியைக் குடிச்சமா, கெளம்பினமான்னு போகணும்."

"ராவ்னா அத்தைகிட்ட உண்மையைச் சொல்லிடலாம். கண்ணு சரியில்லன்னா சிரிச்சிட்டுப் போயிடுவாங்க."

"அதான். சிரிப்பா. அடுத்த வருஷம் என்னைக் கூடாரத்துல உக்கார வெச்சு அடுப்பைப் பாத்துக்கச் சொல்லுவீங்க." அவர் குரல் இறங்கியது. "கள்ளன்னு சொன்னா சொல்லட்டும். கள்ளனுக்காவது கண்ணு தெரியும்."

"பைத்தியமாப்பா உங்களுக்கு?"

ராவ்னா வந்துவிட்டாள். அந்தக் குட்டியைக் கயிற்றில் இழுத்து வந்தாள். அதன் காதிலிருந்து சொட்டிய ரத்தம் அவள் பூட்ஸ் மேல் விழுந்தது.

"அண்ணே, என் மான் குட்டியைத் தேடி அலையுது. இங்க பாத்தா இது காதுல உங்க குறி. வெட்டின காது ஒட்டப்போறதில்ல. கை தப்பிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, குட்டிக்குக் குட்டி மாத்திக்கலாம். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

நல்ல மனுஷி. ஆனால் அதை மெல்லச் சொல்ல அவளுக்குத் தெரியாது. பட்டிக்குள் கயிறு வீசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். நீலாஸுக்கு அவர்கள் முகம் தெரிந்திருக்காது. பேச்சு அடங்கியது மட்டும் தெரிந்தது.

"தங்கச்சி, என் கை தப்பல," என்றார். "பாத்துதான் வெட்டினேன்."

"என்ன அண்ணே சொல்றீங்க?"

"நல்ல குட்டி. புடிச்சிருந்துச்சு. வெட்டினேன்."

ரிஸ்தென் வாயைத் திறந்தாள். அவர் அவள் இருந்த பக்கமாகத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்பதுபோல.

ராவ்னா கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு மகள் பக்கம் திரும்பினாள்.

"முப்பது வருஷமா ஒரே பட்டியில நிக்கறோம். நீ சொல்லு ரிஸ்தென், உங்கப்பா திருடனா?"