பிறந்த வருஷத்து ஜாடி

என் வீட்டுக்காரர் யாசுகேவுக்கு மூளை இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கிறது, அதைத் தன் குட்டி லாரியை எங்கே நிறுத்துவது என்று யோசிப்பதற்கே செலவழிப்பார். முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம் அப்படி யோசித்துத்தான் வாசலோரம் நின்ற உமே என்கிற புளிப்புப் பழ மரத்தை வெட்டிச் சாய்த்தார்.

"கோலிக்குண்டு சைஸ்ல காய்க்குது, இதெல்லாம் ஒரு மரமா? பெரிய காய் மரம்தான் பின்னாடி நிக்குதே" என்றார். நானும் தலையை ஆட்டி வைத்தேன்.

அடுத்த பிப்ரவரியில் பின்பக்கத்து மரம் வெள்ளை வெளேரென்று பூத்துத் தள்ளியது. ஜூனில் அடியில் வலை விரித்துக் காத்திருந்தால் விழுந்தது ஒரு கைப்பிடி பழம். அப்புறம்தான் உறைத்தது. அந்த மரத்துக்குத் தன் மகரந்தம் தனக்கு ஆகாது. பக்கத்தில் வேறு இன உமே பூத்திருந்து, தேனீ இரண்டுக்கும் போய்வந்தால்தான் பிஞ்சு பிடிக்கும். கோலிக்குண்டு மரம் இத்தனை காலம் மாப்பிள்ளையாக நின்றிருக்கிறது. லாரிக்காக மாப்பிள்ளையை வெட்டிவிட்டோம்.

உமே ஊறுகாய் இல்லாமல் ஒரு வருஷத்தை ஓட்டியாயிற்று. இந்த வருஷம் ஓட்ட முடியாது. நகோயாவில் இருக்கும் எங்கள் மகள் சயோகோவுக்கு ஜூலையில் பிரசவம். எங்கள் வீட்டில் குழந்தை பிறக்கிற வருஷத்துப் பழத்தை உப்பில் போட்டு, வெயிலில் காயவைத்து, ஒரு ஜாடி தனியாகக் கட்டி வைப்போம். அந்தக் குழந்தையின் கல்யாணத்தன்றுதான் பிரிப்போம்.

"மார்க்கெட்ல பழம் வாங்கிப் போட்டா ஆகாதா?" என்றார் யாசுகே.

"போடலாமே. அப்புறம் குழந்தையையும் மார்க்கெட்லயே வாங்கிக்கலாம்" என்றேன். மனிதர் லாரியைத் துடைக்கப் போய்விட்டார்.

எங்கள் மேட்டுக்குக் கீழே, ஆற்றங்கரையில், தொகுஜி அண்ணன் வீட்டில் ஒரு இளஞ்சிவப்பு உமே நிற்கிறது. அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், எண்பதைத் தாண்டியவர், தனிக்கட்டை. பழம் என்றால் முகத்தைச் சுளிப்பார். பூவுக்காகவே மரம் வளர்ப்பவர். தண்ணீரைத் தொடுகிற மாதிரி ஒரு கிளையைக் கம்பு கட்டி, கயிறு கட்டி, பழக்கி வைத்திருந்தார். அதைப் பார்க்கவே வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பஸ்காரர்கள் எல்லாரும் சாக்கே பாட்டிலோடு வந்து இறங்குவார்கள். பிப்ரவரிக் குளிரில் அங்கிருந்து எங்கள் மேடுவரை தேனீ ஏறி வராது. நான்தான் இறங்கிப் போனேன்.

அவர் ஏணிமேல் நின்று காய்ந்த குச்சிகளை ஒடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நாலு பூங்கிளை வேணும். வாளித் தண்ணியில வெச்சு எங்க மரத்துல கட்டி விட்டா தேனீ மத்ததைப் பாத்துக்கும்."

"இந்த மரத்தால அடுப்புக்குக்கூட பிரயோஜனம் இல்லன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சவ யாரு?"

"நான்தான். இப்ப பிரயோஜனம் வந்திருக்கு."

அவர் சிரிக்கவில்லை. பேரக்குழந்தை விஷயத்தைச் சொன்னேன். ஏணியிலிருந்து இறங்கி, கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை ஆளுங்க வர்றாங்கம்மா. மொட்டை மரத்தையா காட்டச் சொல்ற? திங்கக்கிழமை வா, வேணுங்கறத வெட்டிக்க."

"திங்கக்கிழமைக்குள்ள எங்க பூ கொட்டிடும். நாளைக்கும் மறுநாளும்தான் வெயிலு. அப்புறம் மறுபடி குளிருதாம், தேனீ வெளிய வராது."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

திரும்பி நடந்தேன். மேடு ஏறும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. கோபத்தில் வந்ததா, வருத்தத்தில் வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. இன்னும் பிறக்காத ஒரு குழந்தைக்கு ஒரு ஜாடி கொடுக்க வக்கில்லாமல் போயிற்றே என்று இருந்தது.

மறுநாள் காலை லாரி நிறுத்துகிற இடத்தில் தொகுஜி அண்ணனின் வண்டி வந்து நின்றது. பின்னால் நிறைய வாளிகள், வாளி நிறைய இளஞ்சிவப்புக் கிளைகள். நடுவில் எல்லாவற்றையும்விட நீளமாக, வண்டிக்கு வெளியே தொங்கிக்கொண்டு, தண்ணீரைத் தொடுகிற கிளை.

"அண்ணே, இதை எதுக்கு வெட்டினீங்க?" என்றேன்.

"உமேவ வெட்ட வெட்டத்தான் துளிர்க்கும். தெரியாத மாதிரி கேக்குற." யாசுகேவைப் பார்த்தார். "நிக்கிறியே, ஏறிக் கட்டு. உனக்குத்தான் மரத்துமேல கை வைக்கிறது கைவந்த கலையாச்சே."

யாசுகே கயிற்றோடு ஏறினார். வெள்ளை மரத்தில் வாளி வாளியாக இளஞ்சிவப்பு தொங்கியது. வெயில் ஏறியதும் தேனீக்கள் வந்தன. நாங்கள் மூவரும் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஞாயித்துக்கிழமை எல்லாரையும் இங்கதான் வரச் சொல்லியிருக்கேன். சோத்து உருண்டை நீ பிடிக்கணும்" என்றார் தொகுஜி அண்ணன்.

பதினாலு பேர் வந்தார்கள். ஒரே மரத்தில் இரண்டு நிறப் பூவா என்று வாயைப் பிளந்தார்கள். வாளி தெரியவில்லையா என்று நான் கேட்கவில்லை. சாக்கே உள்ளே போனவர்களிடம் என்னத்தைக் கேட்பது.

ஜூனில் மஞ்சளாகப் பழுத்து வலையில் விழுந்தது ஒரு ஜாடிக்குச் சரியாக இருந்தது. எங்கள் சாப்பாட்டுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதில் எனக்குக் குறையும் இல்லை. உப்பில் போட்டேன். ஜூலையில் மழைக்காலம் முடிந்ததும் மூங்கில் தட்டில் பரப்பிக் காயவைத்தேன். கடைசி நாள் வெயிலில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது நகோயாவிலிருந்து போன் வந்தது. பெண் குழந்தை.

ஜாடியை நிரப்பிவிட்டு, தொகுஜி அண்ணனைக் கூப்பிட யாசுகேவை அனுப்பினேன். ஜாடி வாயைக் கட்டுவது எங்கள் வீட்டில் குடும்பத்து மூத்தவர் கை.

வந்து உட்கார்ந்தவர் காகிதத்தையும் கயிற்றையும் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னை எதுக்கும்மா கூப்பிட்ட? இதைப் பிரிக்கிற அன்னிக்கு நான் எங்க இருக்கப் போறேன்?"

"தெரியும்ணே. கல்யாணத்துக்கு உங்கள இப்பவே கூப்பிடுறேன்."

அவர் காகிதத்தை ஜாடி வாயில் வைத்து, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.