மாடிப்படியின் சாட்சியம்

எங்கள் ஊரில் வீடியோவை ஆட்களிடம் காட்டிச் சாட்சி கேட்பதில்லை. ஆட்கள் ஒன்று எல்லாவற்றையும் நம்புகிறார்கள், இல்லையென்றால் எதையுமே நம்புவதில்லை. அதனால் சம்பவம் எங்கே நடந்ததாகச் சொல்கிறார்களோ அந்த இடத்துக்கே போட்டுக் காட்டுவார்கள். உண்மையென்றால் இடம் வியர்க்கும். பொய்யென்றால் காய்ந்தே இருக்கும். மழைக்காலத்தில் விசாரணை கிடையாது.

என் தம்பி தனக்கோடி எங்கள் ஹவுஸ் ஓனர் சிகாமணியை மாடிப்படியிலிருந்து தள்ளிக் கொல்வதாக ஒரு வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. எவனோ வேலையற்றவன் செய்தது. எறும்பை மிதிக்கக்கூடத் தம்பிக்கு மனசு வராது. சித்திரை வெயிலில் அதிகாரி ரெஜினா விசாரணைக்கு வந்தார். சிகாமணிதான் அவருக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

"மேடம், என்னை யாரும் தள்ளலீங்க. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"நீங்க மாடிப்படியா?"

"இல்லீங்க."

"அப்பக் கொஞ்சம் சும்மா இருங்க."

சிகாமணி ஒதுங்கி நின்றார். நியாயம்தான். உயிரோடு இருப்பதாக இப்போது யாரை வேண்டுமானாலும் காட்டிவிடலாம்.

ரெஜினா டேப்லெட்டைப் படிகளின் பக்கம் திருப்பி ஓடவிட்டார். படி காய்ந்தே இருந்தது. தம்பி பெருமூச்சு விட்டான். அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் பூட்டிய பூட்டை இழுத்துப் பார்க்காமல் என்னால் தெருவில் இறங்க முடியாது, என் குணம் அப்படி. படி சரியாகப் பார்க்கவில்லை என்று நாளைக்கு எவனாவது கிளப்பிவிட்டால்?

"இன்னொரு தடவை போடுங்க மேடம். நல்லாப் பாக்கட்டும்," என்றேன்.

போட்டார். நடுப்படியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் பூத்தது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடியும் போடச் சொன்னேன். இந்த முறை மேல்படியிலிருந்து கீழ்ப்படிவரை சொட்டியது.

"முதல்ல அது பாக்கலை. இப்பப் பாத்துடுச்சு," என்றார் ரெஜினா.

தம்பி தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எந்தக் கையால தள்ளினேன்க்கா?" என்று கேட்டான். சிகாமணி சட்டையைச் சரிசெய்துகொண்டு கீழ்ப்படியருகே படுத்தார். தலை எந்தப் பக்கம் என்று விசாரித்தார். ரெஜினா டேப்லெட்டைப் பார்த்து, தெற்கே என்றார். சிகாமணி திரும்பிப் படுத்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. தம்பியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அந்தப் படியை நான் திட்டாத திட்டில்லை. என்னையும் திட்டிக்கொண்டேன். ஆனால் திரும்பத் திரும்பக் காட்டினால் படிக்கே புரியும் என்றால், எங்கள் வாசலுக்கு மட்டும் புரியாதா? பஸ் நிலையத்துக்கு எதிரே கல்யாண வீடியோ எடுக்கும் கடையில், தம்பி விடுதலையாகி வீட்டுக்குள் வருவதாக ஒன்று செய்து வாங்கினேன். வேலைக்குப் போகுமுன்பும் வந்த பின்பும் வாசலுக்குப் போட்டுக் காட்டினேன்.

வைகாசி முடிவதற்குள் வாசல் வியர்த்தது. தம்பி வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, "பசிக்குதுக்கா" என்றான். அழுதுகொண்டே சோறு போட்டேன். கடையில் செய்த வீடியோ அவன் பசிக்குது என்பதோடு முடிகிறது. அவன் தட்டைப் பார்க்காமல் வெளியே போனான். உள்ளே வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, "பசிக்குதுக்கா" என்றான்.

மறுவாரம் மனு போட்டுச் சிறையில் இருக்கும் தம்பியைப் பார்க்கப் போனேன். மெலிந்திருந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "வீட்ல நான் சாப்ட்டனாக்கா?" என்று கேட்டான்.

"இன்னும் இல்லடா," என்றேன்.