பாக்கியமேரியின் ஸ்டீல் வாட்ச்

உத்திரமேரூர்ப் பக்கத்துச் சேரியில் முதன்முதலாகக் கையில் வாட்ச் கட்டியவள் பாக்கியமேரி. மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் படித்துவிட்டு, ஊர்த் தாய்சேய் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நாடி எண்ண நொடிமுள் வேண்டும். இரண்டு வருஷச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, அப்பா சாமுவேலோடு காஞ்சிபுரம் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் தங்க நிறத்தில் ஒரு சுவிஸ் வாட்சை எடுத்து வைத்தார். சாமுவேலின் முகம் மலர்ந்தது.

"இதையே எடுத்துக்கோ மேரி. கைல கட்னா நாலு பேருக்குத் தெரியணும்."

பிரசவத்துக்குக் கை கழுவும் லைசால் மருந்து பட்டால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். ஒரு வருஷத்தில் பூச்சு போய்ப் பித்தளை தெரியும் என்று கடைக்காரர் ஒப்புக்கொண்டார். தோல் வாரும் வேண்டாம் என்றாள். ரத்தம் ஊறினால் நாற்றம் போகாது. கடைசியில், பின்மூடியை மரை போட்டு இறுக்கிய, வாரும் எஃகிலேயே செய்த ஒரு ஸ்டீல் வாட்சை எடுத்தாள். விலை அதற்குத்தான் கூட. திரும்பும்போது பஸ்ஸில் சாமுவேல் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பஞ்சாயத்து ரேடியோவில் மணி சொல்லும்போது தினமும் சரிபார்ப்பாள். அது ஒரு நிமிஷம்கூடப் பிசகியதில்லை.

அந்த வருஷம் தாண்டவராயன் வீட்டில் அவர் மகள் தேவகிக்குப் பிரசவம். சாமுவேல் கூலி வேலை செய்தது அவர் நிலத்தில்தான். கொல்லைப்பக்க வழியாக உள்ளே போன மேரி, காலை பத்து நாற்பத்திரண்டுக்குப் பெண் குழந்தையை எடுத்தாள். கழுத்தில் கொடி சுற்றி உடம்பு நீலம் பாரித்திருந்தது. அதை அழ வைப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் வந்தது. நேரத்தைச் சொன்னாள், ரிஜிஸ்தரிலும் எழுதினாள்.

மூன்றாம் நாள் கூப்பிட்டனுப்பினார்கள். ஜோசியர் கணக்குப்படி பத்து ஐம்பது வரை ஆயில்யம், அதற்குமேல் மகம். ஆயில்யத்துப் பெண்ணை எவன் கட்டுவான் என்று வீடே சோர்ந்து கிடந்தது. சாமுவேல் ஏற்கெனவே அங்கே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"என் தங்க வாட்ச்ல பத்து அம்பத்தஞ்சு," என்றார் தாண்டவராயன். "உன்னுது வெறும் இரும்பு. ஸ்லோவாப் போயிருக்குது. ரிஜிஸ்தர்ல மாத்தி எழுதிடு."

பிரசவத்தன்று காலை அவர் வாலாஜாபாத் ரைஸ்மில்லில் இருந்தார். வீடு திரும்பியதே மத்தியானம்தான். மேரி அதைச் சொல்வதற்குள் சாமுவேல் முந்திக்கொண்டார்.

"வாட்ச் தப்புனு சொல்லிடு மேரி. இன்னா கெட்டுப்போவுது?"

"பாத்தது நான், நைனா."

"நடவு வருது," என்றார் அவர், மகளைப் பார்க்காமல்.

மேரி நிலையத்துக்குப் போய், நாற்பத்திரண்டை அடித்துவிட்டு ஐம்பத்தைந்து என்று எழுதினாள்.

மேரியின் வாட்ச் சரியில்லை என்று ஊரில் பேச்சுப் பரவியது. அடுத்த மாதம் சோதனைக்கு வந்த மேலதிகாரியம்மாள், கர்ப்பிணிகள் நிறைந்திருந்த வராந்தாவிலேயே அதைப் பற்றி விசாரித்தார். ரிஜிஸ்தரில் அடித்தல் திருத்தல் மேரியின் கையெழுத்தில்தான் இருந்தது. வாட்ச் ஸ்லோவாகிவிட்டது என்று அவள் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று. இனி அதைப் பார்த்து நாடி எண்ணக் கூடாது என்று அந்த அம்மாள் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

நடவில் சாமுவேலுக்கு வேலை கிடைத்தது. கூலியோடு ஒரு வேட்டியும் கொடுத்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்று கூப்பிட்டார். மேரி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.