பக்கத்துக் கட்டிலில் என் குரல்

மாடத்தியக்கா செய்த காரியம் பேப்பரில் வந்தது. கூச்சல் போட்டுப் பெண்களைக் காப்பாற்றிய வீரப்பெண் என்று எழுதி, கையில் கட்டோடு அவள் சிரிக்கிற படத்தையும் போட்டிருந்தார்கள். அவள் கூச்சல் போடவே இல்லை. போர்மேன் செல்லச்சாமியின் குரலில் பேசினாள், அவ்வளவுதான். அதை விளக்கினால் கம்பெனியின் வேறு சங்கதிகளும் வெளியே வரும் என்பதால் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அப்போது நான் யாரிடமும் எதையும் பேசுவதில்லை.

எங்களுக்கு ஆமத்தூர். வெம்பக்கோட்டை தாண்டி, ஏழாயிரம்பண்ணை போகிற வழியில் இருக்கிற ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய் வருவோம். எனக்குப் பூச்சட்டிக்கு வெடிமருந்து செலுத்துகிற வேலை. ஒரு ரூமுக்கு நாலு பேர்தான் இருக்கலாம் என்பது சட்டம். தீபாவளி ஆர்டர் சூடு பிடித்துவிட்டால் அந்த ரூமிலேயே எட்டுப் பேர், பத்துப் பேர் முட்டி இடிக்க உட்கார்ந்திருப்போம். சோதனைக்கு ஆட்கள் வருகிற தகவல் வந்ததும் செல்லச்சாமி ரூம்களுக்கு நடுவே நின்று, "ஆபிசர் வாராக" என்று ஒரே ஒரு குரல் கொடுப்பார். அந்தக் குரல் கேட்டதும் ரூமுக்கு நாலு பேர் அப்படியே உட்கார்ந்திருக்க, மிச்சப் பேர் எழுந்து வேலிக்குப் பின்னால் இருக்கிற சீமைக்கருவேலங்காட்டுக்குள் ஓடி ஒளிந்துகொள்வார்கள். ஆபிசர் கார் புழுதி அடங்கிய பிறகு முள் குத்திய காலோடு திரும்பி வருவார்கள். யார் ஓட வேண்டும், யார் உட்கார வேண்டும் என்பது முன்பே முடிவு செய்தது. மாடத்தியக்கா ஓடுகிற ஆள். நான் உட்காருகிற ஆள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்று நினைக்கிறேன்.

மாடத்தியக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் திருப்பூருக்குப் போனவன் திரும்பவில்லை. அதற்காக அவள் ஒருநாளும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை. புது வளையல், புது ரிப்பன், வேனில் ஜன்னலோரம், யார் வீட்டு விசேஷமானாலும் முதல் பந்தி எல்லாம் வேண்டும் அவளுக்கு. அவளிடம் ஒரு வித்தை இருந்தது. ஒரு குரலை இரண்டு தடவை கேட்டால் போதும், அதை அப்படியே பேசுவாள். வெடி ரூமில் வேலை செய்கிறவர்கள் தலையைத் தூக்கக் கூடாது. கையைப் பார்த்துக்கொண்டே வாயால்தான் மற்ற ரூம்களோடு பேசுவோம். அதனால் எங்களுக்கு ஆள் என்றால் முகம் இல்லை, குரல்தான். அவள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யார் குரலில் பேசினாலும் நாங்கள் நம்பினோம். செல்லச்சாமி குரலில் "டீ வந்துட்டு, எந்திரிங்க" என்று சொல்லி அரைமணி நேரம் முன்பே எல்லாரையும் வெளியே வரவைத்திருக்கிறாள். அவர் வேலையை விட்டு நிறுத்துவேன் என்று கத்துவார். அவர் போனதும் அதே கத்தலை அவர் மூக்குறிஞ்சலோடு இன்னொரு தடவை கேட்போம்.

அன்றைக்குத் தண்ணீர் எடுக்கப் போனவள் மருந்து கலக்கிற ரூம் வாசலில் புகையைப் பார்த்திருக்கிறாள். தீ என்று கத்தியிருக்கலாம். ஆனால் மாடத்தி கத்தினால் யார் எழுந்திருப்பார்கள்? விளையாட்டு என்று சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அதனால் செல்லச்சாமி குரலை எடுத்தாள்.

"ஆபிசர் வாராக."

ஒரு நொடியில் பாதிக் கம்பெனி கருவேலங்காட்டில் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை, செருப்பைத் தேடவில்லை, சொந்தக்காரரைத் தேடவில்லை. வருஷக்கணக்காகப் பழகிய கால்கள். அப்படி ஓடிய அத்தனை பேரும் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார்கள்.

உட்காருகிற ஆட்கள் உட்கார்ந்திருந்தோம். ஆபிசர் வரும்போது ஒழுங்காகத் தெரிய வேண்டுமே என்று நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இன்னும் கவனமாக மருந்து செலுத்தினேன். எதிரே உட்கார்ந்து மருந்து செலுத்துகிற கற்பகம் தலையைக் குனிந்துகொண்டு என்னவோ சொல்லிச் சிரித்தாள். அப்போது மாடத்தியக்கா வாசலில் வந்து நின்றாள். இந்த முறை அவளுடைய சொந்தக் குரல். என்ன சொன்னாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. என் கையைப் பிடித்து இழுத்தாள். வாசலைத் தாண்டினோமா இல்லையா என்பதும் ஞாபகம் இல்லை.

ரூம் வெடித்ததில் கற்பகம் போய்விட்டாள். இன்னும் சிலரும் போனார்கள். மாடத்தியக்காவுக்கு முதுகு, வலது கையில் மூன்று விரல்கள். எனக்கு முகத்தில் ஒரு பக்கம், கழுத்து, இரண்டு கைகள். எங்களைப் பெரியாஸ்பத்திரியில் தீக்காய வார்டில் வைத்திருந்து, தோல் மூடிய பிறகு வேறு வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே எனக்கும் அவளுக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

புகை குடித்ததில் கம்மியிருந்த தொண்டை சரியாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். பேசுங்கள் என்றார். எனக்குப் பேச எதுவும் இல்லை. பிடிவாதம் என்று நர்ஸம்மா நினைத்தார். பிடிவாதம் பிடிக்கவும் உள்ளே ஆள் வேண்டும். சாப்பாடு கொடுத்தால் விழுங்கினேன். கட்டுப் பிரித்தால் படுத்திருந்தேன். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று தலையை ஆட்டினேன். அது பொய்யும் இல்லை. வலி வேறு யாருக்கோ நடக்கிற மாதிரிதான் இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் திருவிழா. மாடத்தியக்கா ஆஸ்பத்திரி முழுவதையும் வந்த சில நாளிலேயே தொண்டையில் ஏற்றிவிட்டாள். டாக்டரின் இருமல், டிராலி சக்கரத்தின் கிறீச்சல், கீழே சுண்டல் விற்கிறவர், ஊசி என்றதும் தேம்புகிற காவல்காரர். தையல் பிரித்த அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் பிரியாணி கேட்டாள். போன மூன்று விரலுக்குப் பதிலாகக் கால் விரல்களுக்கு நகப்பூச்சு வேண்டும் என்று ஆயாவைக் கெஞ்சி, சிவப்பில் போட்டுக்கொண்டாள். எழுந்து நடக்க மாட்டேன் என்று கிடந்தவர்களெல்லாம் அவள் கட்டிலைச் சுற்றி வந்து நின்றார்கள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. இத்தனை உயிராசை ஒரு மனுஷிக்கு எதற்கு என்று இருந்தது. கற்பகத்தை விட்டுவிட்டு என்னை ஏன் இழுத்தாய் என்று நினைத்தபடி ஒருநாள் அவளைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். கேட்கவில்லை. அவளே பதில் சொன்னாள்.

"நீ வாசப்பக்கம் உக்காந்திருந்த. அம்புட்டுத்தான் புள்ள. வேற ஒண்ணுமில்ல."

அதைச் சொல்லும்போது அவள் யார் குரலையும் எடுக்கவில்லை. பிறகு ரொம்ப நேரம் கால் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒரே பிள்ளை, அருணாதேவி. பால்வாடிக்குப் போகிறவள். முதல் தடவை அவளை என் வீட்டுக்காரர் முனியராஜ் கூட்டி வந்தபோது, என்னைப் பார்த்து வீறிட்டு அழுதாள். "இது எங்கம்மா இல்ல" என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். அம்மாதான் என்று அவர் சொல்லச் சொல்ல, இல்லவே இல்லை என்றாள். நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் தெரிந்திருக்கும். பேசவில்லை. அவளை வெளியே தூக்கிக்கொண்டு போனார். நான் சீலிங் பேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அதற்குப் பிறகு அவள் சாத்தூரில் முனியராஜின் அக்கா வீட்டில் இருந்தாள். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. நல்ல மனுஷர்கள்தான். ஒருநாள் முனியராஜ் என் கட்டிலோரம் வந்து உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். பிள்ளையைத் தாங்களே வைத்து வளர்த்துக்கொள்கிறோம் என்று அக்கா கேட்பதாகச் சொன்னார். அருணா அங்கே அழுவதில்லையாம். அக்காவையே அம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாளாம். உனக்கும் உடம்பு தேற வேண்டும், எனக்கும் லோடு வேலை, என்ன சொல்கிறாய் என்று கேட்டார். நான் சரி என்று தலையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கிறார் என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை ஒருமுறை கூட்டி வந்து காட்டிவிட்டு அங்கேயே விட்டுவிடுகிறேன் என்று சொல்லிப் போனார்.

அன்று சாயங்காலம் பக்கத்துக் கட்டிலில் சத்தமே இல்லை. வேடிக்கை கேட்க வந்தவர்களை மாடத்தியக்கா போங்கள் என்று அனுப்பிவிட்டாள். விளக்கு போட்ட பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நான் உன்னயப் பூராத்தையும்தான் இழுத்துட்டு வந்தேன். பாதிய அங்கன விட்டுட்டு வரல" என்றாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முனியராஜ் அருணாவைக் கூட்டி வந்தார். அத்தை வாங்கிக் கொடுத்த ரோஸ் கவுன், காலில் லைட் எரிகிற பூட்ஸ். வாசலிலேயே அவர் காலைக் கட்டிக்கொண்டு முகத்தை அவர் வேட்டியில் புதைத்துக்கொண்டாள். அவர் அவளைக் கிட்டே நகர்த்தப் பார்த்தார். அவள் நகரவில்லை. நான் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சீக்கிரம் கூட்டிக்கொண்டு போய்விட்டால் படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

"யாரு வீட்டுப் புள்ளட்டி அது, வழிய மறிச்சுக்கிட்டு நிக்கிறது? புடிச்சு வேனுல போடுங்க."

என் குரல். நான் பேசவில்லை, ஆனால் என் குரல். தினமும் சாயங்காலம் ஊருக்குப் பிரிகிற விலக்கில் வேன் நிற்கும்போது, நான் இறங்குவதற்கு முன்னால் ஜன்னல் வழியாகச் சொல்கிற சொல் அது. அங்கே காத்து நிற்கிற அருணா கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டு ஓடுவாள். பக்கத்து ஸீட்டில் இருந்து மாடத்தியக்கா அதை எத்தனையோ நாள் கேட்டிருக்கிறாள். கடைசியில் 'போடுங்க' என்னும்போது நான் இழுக்கிற இழுப்புகூட அப்படியே இருந்தது. நான் இவ்வளவு சந்தோஷமாகவா பேசிக்கொண்டிருந்தேன் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அருணா முகத்தை வேட்டியிலிருந்து எடுத்தாள். வார்டு முழுக்கப் பார்த்தாள். அவள் கண் என்னைத் தாண்டிப் போனது. அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு நேராக மாடத்தியக்காவின் கட்டிலுக்கு ஓடினாள். அங்கே போய் நின்று, அவள் முகத்தைப் பார்த்துக் குழம்பி, கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்.

"எங்கம்மாவ எங்கன வச்சிருக்கீக?"

மாடத்தியக்கா வாயை இறுக மூடிக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அருணா அவள் போர்வையைப் பிடித்து இழுத்து இழுத்து அழ ஆரம்பித்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. அத்தனை நாளில் முதன்முதலாக ஒன்று வந்தது, அது கோபம்தான். என் சொத்தை என் கண்ணெதிரே எடுத்து, என் பிள்ளையையும் தன் பக்கம் இழுத்துவிட்டு, முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறாள். இவளை யார் கேட்டார்கள்?

"அருணா" என்றேன். காற்றுதான் வந்தது. மறுபடியும் கூப்பிட்டேன். "ஏட்டி, அங்கன என்ன? நான் இங்கன இருக்கேன்."

முனியராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டார். அருணா திரும்பினாள். கவனமாகக் கேட்டாள். பிறகு அப்பாவிடம், "அவுக சொன்னதுதான் எங்கம்மா மாதிரி இருந்துச்சு" என்றாள்.

வார்டில் யாரோ சிரித்துவிட்டார்கள். உண்மைதான். என் தொண்டை கரகரவென்றிருந்தது. மாடத்தியக்காவிடம் இருந்தது பழைய, நல்ல குரல். என் பிள்ளையிடம் நானே நான் என்று காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. வேன் வார்த்தையைச் சொல்லிப் பார்த்தேன், பாதியில் உடைந்தது. இன்னொரு தடவை சொன்னேன், அதுவும் சரியாக வரவில்லை. அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அப்போது அவள் தலைமுடி கண்ணில் பட்டது. செம்பட்டை பாய்ந்து, சிக்குப் பிடித்து, ஒரு ரப்பர் பேண்டில் தொங்கியது. வந்த ஆத்திரத்தில் முனியராஜைப் பிடித்தேன்.

"இந்தப் புள்ள தலையில எண்ண வச்சு எம்புட்டு நாளாச்சு? கண்ணு தெரியலையா உங்களுக்கு? பொம்பளப் புள்ளய இப்பிடியா ஊரெல்லாம் கூட்டிக்கிட்டு அலைவீக?"

இதைச் சொல்லும்போது குரலைப் பற்றி நினைக்கவில்லை. அவரைத் திட்டிக்கொண்டே போனேன். கவுனுக்கு உள்பாவாடை இல்லை என்றேன், காதில் சீழ் வைத்திருக்கிறதே பார்த்தீர்களா என்றேன். அவர் அழுதுகொண்டே சரி சரி என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் தினமும் நடக்கிற காரியம். அருணா போர்வையை விட்டுவிட்டாள். என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பாவை இப்படித் திட்டுகிற ஆள் உலகத்தில் ஒருத்திதான் என்று அவளுக்குத் தெரியும்.

"சாத்தூர் மதினிட்ட சொல்லிருங்க" என்றேன் அவரிடம். "புள்ளய விட மாட்டேன்."

அருணா மெதுவாக நடந்து வந்தாள். பூட்ஸில் லைட் எரிந்து எரிந்து அணைந்தது. கட்டிலுக்குக் கை எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். ஓடிவிடுவாள் என்று பயந்தேன். ஓடவில்லை. பக்கத்துக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"வலிக்குதாம்மா?" என்று கேட்டாள் அருணா.

டாக்டர் கேட்டபோதெல்லாம், நர்ஸம்மா கேட்டபோதெல்லாம் இல்லை என்று தலையை ஆட்டியவள் நான். இப்போது முகம் எரிந்தது, கழுத்து இழுத்தது, இரண்டு கையும் விண்விண்ணென்று தெறித்தது. எல்லாம் எனக்குத்தான் நடந்துகொண்டிருந்தது.

"ஆமாட்டி" என்றேன். "ரொம்ப வலிக்குது."